ரோசிக்கு மாப்பிள்ளை பார்த்த நாள்

அத்தியாயம் 17

மாட்டுக் கொட்டில் கதவைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அது போதாதென்று ஒரு கால் உடைந்த கதிரையையும் முட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போன செல்வநாயகியைத்தான் சென்ற கிழமை விட்டுவிட்டு வந்தோம். அவள் கண்மூடவில்லை. மூட விட்டால்தானே! நவாலியில் எத்தனை கட்டாக்காலி நாய்கள் இருக்கின்றன என்று கிராமசேவகருக்குக்கூடத் தெரியாது. அத்தனையும் அவளுடைய கிடுகு வேலிக்கு வெளியே வந்து கூடிவிட்டன. ஒன்று குலைக்க, ஒன்று ஊளையிட, ஒன்று வேலியைப் பிறாண்ட, விடியும்வரை ஒரே கச்சேரி.

உள்ளே ரோசி. மறுபடி பருவத்துக்கு வந்திருக்கிற பெட்டை நாய்.

இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோசியை வீட்டுக்கு வீடு நிற்கிற நாய் என்று எண்ணிவிடாதீர்கள். செல்வநாயகியின் புருஷன் தம்பிராசா இளைப்பாறிய ஓவசியர். மாரி வந்தால் கல்லுண்டாய் வெளியில் சிறகி, அதுதான் காட்டுத்தாரா, சுடுவார். சுட்ட சிறகி தண்ணீரில் விழும். அங்கே மனிதன் இறங்கினால் சேறு தொடைவரை இழுக்கும். ரோசி போகும். நீந்திப் போய்ப் பறவையை வாயில் எடுத்து, ஒரு பல்லுக் காயம் இல்லாமல் கொண்டுவந்து அவர் கையில் வைக்கும். கோழி முட்டையை வாயில் கொடுத்தால் உடையாமல் வளவைச் சுற்றிக் கொண்டுவரும்.

அந்த வாய் பழக்கி வருவதல்ல, பிறப்பில் வருவது. செல்வநாயகியின் தகப்பன் காங்கேசன்துறையில் வேலை செய்த காலத்தில், ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் தன் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன லபறடோர்ச் சோடியின் வழி அது. அந்தச் சோடி ஈன்ற குட்டிகளில் ஒரு பெட்டையை மகளுக்கும் ஒரு கடுவனை மகனுக்கும் கிழவர் கொடுத்தார். மகளுடைய பெட்டைக்குப் பிறந்தது ரோசி. மகனுடைய கடுவனுக்குப் பிறந்தது வீமன்.

ரோசிக்கு வயது போகிறது. போன முறை ஈன்ற குட்டிகள் எல்லாம் கழிச்சல் கண்டு செத்துப் போயின. இந்த முறையும் தவறினால் இனி இல்லை என்று மிருக வைத்தியர் கையை விரித்துவிட்டார். ஆகவே ஒரு நல்ல கடுவன் வேண்டும், அதுவும் உடனே வேண்டும்.

வட்டுக்கோட்டையில் வீமன் நிற்கும்போது வேறு என்ன யோசனை என்கிறீர்களா? அங்கேதானே இடிக்கிறது! வீமனின் சொந்தக்காரர் இராசநாயகம், செல்வநாயகியின் கூடப்பிறந்த அண்ணன். நாலு வருஷத்துக்கு முன்பு அவருடைய மகன் குகனுக்கும் இவளுடைய மகள் கனகாம்பிகைக்கும் கலியாணம் முற்றாகி, கூறை எடுக்கப் போகிற நேரத்தில், சாதகம் பொருந்தவில்லை என்று ஆள் மூலம் சொல்லியனுப்பி நிறுத்திவிட்டார். பொய். செல்வநாயகி வேறு இரண்டு சாத்திரிமாரிடம் காட்டிவிட்டாள். முதல்தரப் பொருத்தம். அண்ணன் முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அவர் வீட்டுப் பக்கம் பார்த்து மண் அள்ளித் திட்டியவள், பிறகு அந்தப் படலையை மிதிக்கவில்லை. கனகாம்பிகையோ அதற்குப் பின் வந்த சம்பந்தம் ஒன்றுக்கும் தலையாட்டவில்லை.

"வீமனை விட்டால் வேறை ஆளில்லையப்பா. முறையையும் பாரும், உரிமை மச்சான்!" என்று தம்பிராசா நாள் முழுவதும் ஓதிக்கொண்டிருந்தார்.

"மச்சான் முறையிலை எனக்கு ஒருக்கா நடந்தது காணும்" என்று சொல்லிவிட்டுச் செல்வநாயகி தானே சுன்னாகத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்தாள்.

வெங்காய வியாபாரி சிவக்கொழுந்தரின் பிறின்ஸ். கொழும்பில் வாங்கிய நாய். பொன்னிற மயிர், அகன்ற நெற்றி, அதட்டினால்கூடக் கோபிக்காத குணம். பாட்டன் பூட்டன் பெயர் எழுதிய பத்திரம் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகிறது. செல்வநாயகி பார்த்த மாத்திரத்தில் சரி என்றுவிட்டாள்.

நாயை யாரிடம் யார் கொண்டுபோவது என்ற கேள்வியே எழவில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதானே வழக்கம்? யாழ்ப்பாணத்தில் எந்தத் தகப்பன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றான்?

எண்பத்துமூன்றாம் வருஷத்து மாசிப் பனி விலகி வெயில் ஏற, படலையடியில் சோமசெட் கார் வந்து நின்றது. சிவக்கொழுந்தர் சரிகை வேட்டி உடுத்திருந்தார். பின் சீற்றில் பிறின்ஸ், குளித்து, பவுடர் மணக்க, நெற்றியில் குங்குமப் பொட்டோடு.

"வாங்கோ, வாங்கோ. மாப்பிள்ளைக்குக் குடிக்க ஏதும்?" என்றார் தம்பிராசா.

"பகிடியை விடுங்கோ, ஓவசியர். வெயில் ஏறமுதல் காரியத்தைப் பாப்பம்."

மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினார். இறங்கி நேரே காருக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார்.

ரோசியை அவிழ்த்துக் கொண்டுவந்தார்கள். அது நிலத்தை மணந்து பார்த்து, வாலை ஒதுக்கி, நல்ல மனத்தோடுதான் நின்றது. பிறின்சைச் சிவக்கொழுந்தர் முன்னால் இழுக்க, தம்பிராசா பின்னால் தள்ள, வெளியே வந்த நாய் உடம்பு நடுங்க முற்றத்தில் குந்திக்கொண்டது. புது வளவு, புது மணம், வேலிக்கு வெளியே ஊர் நாய்களின் கூச்சல். ரோசி ஒருதரம் சுற்றி வந்தது, இரண்டுதரம் சுற்றி வந்தது. பிறகு பொறுமை கெட்டுப் பிறின்சின் காதில் ஒரு கடி. அவ்வளவுதான். வீல் என்று கத்திக்கொண்டு மாப்பிள்ளை மறுபடி காருக்குக் கீழே.

"புது இடமெல்லோ" என்றார் சிவக்கொழுந்தர் வேர்த்து வழிய. "எங்கடை வளவிலை எண்டால் சிங்கம்."

"சிங்கம் வேலை என்னண்டு செய்யுமெண்டு பாப்பம்" என்று செல்வநாயகி குசினிக்குள் போய், முதல் நாள் சுட்ட சிறகி ஒன்றை எடுத்துவந்து முற்றத்தில் எறிந்தாள்.

இறைச்சி மணத்துக்குப் பிறின்ஸ் மெல்லத் தலையை நீட்டியது. கவ்வியது. கவ்வியதைக் கொண்டு திரும்பக் காருக்கடியில் போயிற்று. சற்று நேரத்தில் மொறுக் மொறுக் என்று எலும்பு நொறுங்கும் சத்தம்.

"என்னது சத்தம்?" என்றார் தம்பிராசா.

"மாப்பிள்ளை சாப்பிடுறார்" என்றாள் செல்வநாயகி.

பிறின்சில் ஒரு குற்றமும் இல்லை. அதன் வாய் அப்படி. அந்த வாயை ரோசியின் குட்டிகளுக்கு வாங்கிக் கொடுத்தால் பிறகு சுடுகிற சிறகியெல்லாம் நாய்க்குத்தான். செல்வநாயகி மன்னிப்புக் கேட்டுத் தேத்தண்ணி கொடுத்து அவர்களை அனுப்பினாள்.

"வடிவைப் பாத்துத்தானே அக்கா கேட்டனீங்கள்" என்று சிவக்கொழுந்தர் போகும்போது சொன்னது அவளுக்குச் சுருக்கென்றது. உண்மை சுடத்தானே செய்யும்.

மானிப்பாய்ச் சங்கக்கடைக்கு வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்ற கனகாம்பிகை, சைக்கிளைப் பிடித்தபடி இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமாட்டைக் கேக்க உங்களுக்கு வெக்கமெண்டால் நான் போய்க் கேக்கட்டோ, அம்மா?"

"நீயோ? அந்தப் படலைக்கோ? காலை முறிப்பன்!"

"அப்ப நீங்கள் போங்கோ. எங்கடை கோபத்துக்கு ரோசி என்ன பாவம் செய்தது?" என்றுவிட்டு அவள் பாட்டுக்குச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

வேலிக்கு வெளியே ஒரு சொறி நாய் கிடுகைப் பிய்த்துத் தலையை நுழைத்துவிட்டிருந்தது. செல்வநாயகி விளக்குமாற்றால் அதன் மூக்கில் ஒன்று போட்டாள். பிறகு அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இன்றிரவு இன்னொரு ஓட்டை விழும். அதற்குப் பிறகு தகப்பன், அவளுடைய அப்பு, கொடுத்த வழி, ஊர்ச் சொறி நாய்களோடு போய்ச் சேர்ந்துவிடும். அழுதாலும் பிள்ளை அவளே பெறவேண்டும். இந்தக் காரியத்துக்கு அவள்தான் போக வேண்டும்.

"இஞ்சாருங்கோ, லான்ட்மாஸ்ரரை எடுங்கோ" என்றாள்.

லான்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பின்பெட்டியில் சாக்கு விரித்து, ரோசியை மடியோடு அணைத்துக்கொண்டு குந்தியிருந்தாள் செல்வநாயகி. கல்லுண்டாய் வெளியைக் கண்டதும் ரோசி எழும்பித் தண்ணீரைப் பார்த்து வாலாட்டியது. அராலிப் பாலம் தாண்டி, வட்டுக்கோட்டைச் சந்தித் தேத்தண்ணிக் கடை வாசலில் தம்பிராசா எஞ்சினை நிற்பாட்டினார்.

"நான் உதிலை ஒரு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கிறன். நீர் போட்டு வாரும்."

"ஏன், நீங்கள் வாறேல்லையோ?"

"உம்மடை கொண்ணர். நீர் கதையும்."

"வீமன் வீமனெண்டு ஓதினது ஆர்?"

"ஓதினது நான்தான். கேக்கிறது நீர்" என்று அவர் வாங்கில் போய் இருந்துவிட்டார். ஆம்பிளையின் வீரமெல்லாம் துவக்கைப் பிடிக்கும்போதுதான்.

ஒழுங்கையால் நடக்க நடக்க, அண்ணனிடம் சொல்ல வேண்டியதைச் செல்வநாயகி மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். கௌரவம் குறையாமல், அதேநேரம் கோபமும் காட்டாமல், நாலு வசனம். படலையடிக்கு வந்ததும் கை எழவில்லை. ரோசிக்கு அந்த வில்லங்கம் ஒன்றும் இல்லை. மூக்கால் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

வீமன் முற்றத்தில் நின்றது. கறுப்பு. ஒரு காது கிழிந்து தொங்கியது. வடிவென்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தன் வளவில் நிற்கிற நாயின் நிமிர்வே வேறு. ரோசியைக் கண்டதும் நடுங்கவுமில்லை, பாயவுமில்லை. நேரே வந்து மணந்து பார்த்து வாலை ஆட்டியது.

"ஆர் அது? பிள்ளையோ?"

இராசநாயகம் தோளில் துவாயோடு வெளியே வந்து நின்றார். மயிர் முழுக்க நரைத்துவிட்டது. செல்வநாயகிக்கு நாலு வசனமும் மறந்து போயிற்று.

"அண்ணை, நாயைக் கொண்டு வந்தனான்" என்றாள்.

குசினியிலிருந்து மச்சாள் தங்கமுத்து மாக்கையோடு ஓடிவந்து, "வந்திட்டீங்களே மச்சாள்!" என்று கையைப் பிடித்தவள் விடவே இல்லை. மா இவள் சேலையெல்லாம் ஒட்டியது. அழுகிறவளை என்ன சொல்லித் தள்ளுவது?

பேணியில் தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் வந்தன. சுன்னாகத்து மாப்பிள்ளையின் கதையைச் செல்வநாயகி சொல்லி முடிப்பதற்குள் இராசநாயகத்துக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"நாய்க்குமோ பிள்ளை எங்கடை வழக்கம்? கடுவனை அந்நிய வளவுக்குக் கொண்டு போனால் வெருளும். பெட்டையைத்தான் கொண்டு போறது."

"அதுதான் கொண்டு வந்தனான். வீமனை விடுங்கோ."

அண்ணனின் சிரிப்பு நின்றது. எழும்பிப் போய் வீமனின் கழுத்துப் பட்டியைப் பிடித்து, முருங்கை மரத்தில் கட்டிவிட்டு வந்தார்.

"இல்லைப் பிள்ளை. விடமாட்டன்."

செல்வநாயகிக்கு உச்சியில் ஏறிவிட்டது. பேணியை அப்படியே நிலத்தில் வைத்தாள்.

"என்ரை பிள்ளைதான் உங்களுக்கு ஆகேல்லை. என்ரை நாயுமோ அண்ணை? இதுக்கும் சாதகம் பாத்தனீங்களோ?"

தங்கமுத்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இராசநாயகம் பின்வளவுக்குப் போய், ஒரு இளம் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீமனின் வார்ப்பு. அதைவிட நெஞ்சகலம்.

"வீமன்ரை மகன். பார்."

ஒரு துணிப்பந்தை வேலிக்கரைக்கு எறிந்தார். நாய் போன வேகமும் எடுத்த விதமும் கொண்டுவந்து கையில் வைத்த மெதுவும் பார்த்து, கோபத்தின் நடுவிலும் செல்வநாயகி வாயைப் பிளந்தாள். பிறகு அவர் அதை நெல்லு அறைக்குள் கூட்டிப்போய் யன்னலைச் சாத்தினார். அறை மம்மல் இருட்டாகியது. அதே பந்தை எறிந்தார்.

நாய் இரண்டு அடி வைத்தது. நின்றது. நிலத்தை மணந்து மணந்து போய், நடுவில் இருந்த ஓலைக் கடகத்தில் முட்டிக்கொண்டு பின்வாங்கியது. பந்து அதன் காலடியிலேயே கிடந்தது.

"மாலைக்கண்" என்றார் இராசநாயகம். "பகலிலை தகப்பனை வெல்லும். பொழுதுபட்டால் ஒண்டும் தெரியாது. போகப் போகப் பகலிலையும் குறையுது. கூடப் பிறந்த இன்னுமொண்டுக்கும் இப்பிடித்தான்."

"தாய்க்குக் கண் பழுதோ?"

"தாய்க்கும் நல்ல கண், வீமனுக்கும் நல்ல கண். தாய், அப்பு அராலியிலை ஒராளுக்குக் குடுத்த குட்டியின்ரை வழி. வீமனும் அதே வழிதானே. வெளியாலை பெட்டை கொண்டு வந்து விட்டால் குட்டியள் எல்லாம் சுகமாய் நிக்குது. சொந்தத்துக்குள்ளை விட்டதுதான் பிழைச்சது. உந்தக் குறை ரத்தத்துக்குள்ளை ஒளிச்சுக் கிடக்குமாம். ரண்டு பக்கத்தாலையும் வந்து சேர்ந்தால்தான் வெளியிலை காட்டும். ரோசிக்குள்ளையும் கிடக்கோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்? உரிமை மச்சானெண்டு கொண்டு வந்திருக்கிறாய். அதாலைதான் விடமாட்டன் எண்டிறன்."

செல்வநாயகியின் கோபம் பாதி வடிந்தது. நாயைப் பற்றி இவ்வளவு நேர்மையாகக் கதைக்கிற மனிசன், சாதகத்தில் ஏன் பொய் சொன்னார்?

"உதெல்லாம் ஆர் உங்களுக்குச் சொன்னது? மிருக டொக்டரோ?"

இராசநாயகம் மனைவியைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ" என்றாள் தங்கமுத்து. "இனி என்னத்துக்கு மறைக்கிறது? சின்னவளும் கலியாணம் முடிச்சுப் போட்டாள்."

"மிருக டொக்டர் இல்லைப் பிள்ளை" என்றார் இராசநாயகம். "கொழும்பிலை கண் டொக்டர். குகனைக் காட்டேக்கை சொன்னவர்."

"குகனையோ?" என்றாள் செல்வநாயகி.

அண்ணன் ஒவ்வொன்றாகச் சொன்னார். குகன் பொழுதுபட்ட பிறகு சைக்கிள் ஓட்டி மதகில் விழுந்தது. வைரவர் கோயில் திருவிழாவில் வழி தெரியாமல் நின்றது. தங்கமுத்துவின் தாய், அதாவது அண்ணன் தங்கை இருவருக்கும் சொந்த மாமி, நாற்பது வயதுக்கு முன்னமே கண் தெரியாமல் போனதை வீட்டில் எல்லாரும் கண்ணூறு என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

"டொக்டர் கேட்ட முதற் கேள்வியே, நீங்கள் ரண்டு பேரும் சொந்தமோ எண்டுதான். ஓம், மச்சாள்தான் எண்டன். அப்ப மகனுக்கும் சொந்தத்திலை செய்யாதேங்கோ எண்டார். கூறை எடுக்க எல்லாம் ஆயத்தம். நான் என்ன செய்ய?"

"எனக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணை!"

"சொன்னால் நீ பரவாயில்லை, செய்வம் எண்டிருப்பாய். இல்லாட்டிக் கோபத்திலை ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாய். வீட்டிலை ஒரு குமர் இருந்தது. தமையனுக்குக் கண் பழுதெண்டால் அவளை ஆர் எடுப்பான்? உன்னட்டைத் திட்டு வாங்கிறது எனக்கு லேசாய்க் கிடந்தது."

"உங்களுக்கு மண் அள்ளித் திட்டினனான் அண்ணை. உங்கடை குடி விளங்கக் கூடாதெண்டு திட்டினனான்" என்று சொல்லும்போதே செல்வநாயகிக்கு அழுகை வெடித்தது. அழுதுகொண்டே கோபமும் வந்தது. கூடப்பிறந்தவளை நம்பாத மனிசன்! நம்பியிருந்தால் தான் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கமாட்டேனா என்று ஒருகணம் யோசித்துப் பார்த்தாள். சொல்லித்தான் இருப்பாள். அதனால் அழுகை இன்னும் கூடியது.

தங்கமுத்து முகம் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு மெல்ல நாய்க் கதைக்குத் திரும்பினார்கள். வந்த காரியம் அதுதானே, அதற்கும் நேரம் போய்க்கொண்டிருந்தது.

"மயிலிட்டியிலை இன்னாசித்தம்பி எண்டு, வள்ளம் வலை வைச்சிருக்கிற ஒரு சம்மாட்டி" என்றார் இராசநாயகம். "எனக்குத் தெரிஞ்ச மனிசன். அவரிட்டை கறுவல் எண்டு ஒரு கடுவன் நிக்குது. வலையாலை கழலுற மிதப்பைக் கடலுக்கை குதிச்சு எடுத்து வரும். மிதப்பிலை ஒரு பல்லு அடையாளம் இராது. எங்கடை வழி ஒரு சொட்டும் இல்லை. ஆனால் ஒண்டு, வடிவை எதிர்பாராதை."

"வடிவைப் பாத்துக் கெட்டது காணும்."

"என்ரை பேரைச் சொல்லு. நாளைக்கே போ. ரோசியைத்தான் கொண்டு போறது, கறுவலை நவாலிக்குக் கூப்பிட்டுப் போடாதை."

சிரிக்க மனமில்லாமலே இருவரும் சிரித்தார்கள். படலைவரை வந்த அண்ணன், "கனகத்துக்கு நீயே சொல்லு பிள்ளை. அவள் என்னை எவ்வளவு வெறுத்திருப்பாள்" என்றார்.

ஒழுங்கை முடக்கில் குகன் எதிர்ப்பட்டான். படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டு வருகிறான். சைக்கிளால் குதித்து, "மாமி!" என்று நின்றவன், குனிந்து ரோசியின் தலையைத் தடவினான். அவள் அவனுடைய கண்களையே பார்த்தாள். நல்ல வடிவான கண்கள். ஒரு குறையும் தெரியவில்லை.

"சுகமாய் இருக்கிறியோ, தம்பி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்க முடியாமல் நடந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது லான்ட்மாஸ்ரர் சத்தத்தில் எதையும் கதைக்க வசதிப்படவில்லை. அது நல்லதாய்ப் போயிற்று. "வீமன் சரிவராது. விடிய மயிலிட்டிக்குப் போவம்" என்று மட்டும் புருஷனின் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினாள். "மயிலிட்டியோ? கடற்கரை நாயோ?" என்று அவர் திருப்பிக் கத்தினார். மிச்சத்தைக் காற்றுக் கொண்டுபோயிற்று.

வீட்டுக்கு வந்ததும் தம்பிராசா வேலி ஓட்டையை அடைக்கக் கிடுகோடு போனார். கனகாம்பிகை வேலையால் வந்து, குளித்து, சுவாமி அறையில் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். செல்வநாயகி கதவைச் சாத்திவிட்டு அவளுக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். நெல்லு அறையிலிருந்து தொடங்கி ஒன்றும் விடாமல் சொன்னாள். பிள்ளை அழப் போகிறாள், மயங்கி விழப் போகிறாள் என்று கையைக்கூட நீட்டி வைத்திருந்தாள்.

கனகாம்பிகை திரி தூண்டிய குச்சியை ஒரு பக்கமாக வைத்தாள்.

"எனக்குத் தெரியும், அம்மா."

"என்ன தெரியும்?"

"அவரின்ரை கண். கலியாணம் நிண்ட கிழமையே சங்கக்கடைக்கு வந்து, சீனி வாங்கிற மாதிரி நிண்டு சொன்னவர். தங்கச்சியின்ரை காரியம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவர். நான் சொல்லேல்லை."

"அடி பாவி! நான் முற்றத்திலை நிண்டு மண் அள்ளித் திட்டேக்கை நீ பக்கத்திலை நிண்டனியே!"

"நிண்டனான். பிறகு அந்த மண்ணைக் கூட்டி அள்ளினதும் நான்தான்."

செல்வநாயகிக்கு இப்போதுதான் விளங்கியது. வந்த சம்பந்தங்களையெல்லாம் பிள்ளை தட்டிவிட்டது மனம் உடைந்துபோய் அல்ல. காத்திருந்திருக்கிறாள்! ஒரே கூரையின் கீழ் இருந்து, ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, தாய்க்குத் தெரியாமல் காத்திருந்திருக்கிறாள்.

"பிள்ளை, நான் இண்டைக்குக் கண்ணாலை கண்டனான்" என்றாள் கெஞ்சுகிற குரலில். "அந்த நாய்க்குட்டி கடகத்திலை முட்டினதை நீ பாக்கேல்லை. மாமா பிழையாய்ச் சொல்லேல்லை. உன்ரை உடம்பிலையும் அதே ரத்தம்தான். நாளைக்குப் பிறக்கிற பிள்ளையளுக்கு என்ன பதில் சொல்லுவாய்?"

"பிள்ளையள் வேண்டாமெண்டு நாங்கள் ரண்டு பேரும் கதைச்சு முடிச்சிட்டம்."

"வேண்டாமோ? பிள்ளை வேண்டாமெண்டு ஒரு கலியாணமோ?"

கனகாம்பிகை தாயை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. குரல் கலங்கவில்லை.

"அம்மா, ரோசிக்கு மாப்பிள்ளை பாக்கிறது குட்டிக்காக. எனக்கும் குட்டிக்காகத்தான் பாத்தனீங்களோ?"

செல்வநாயகியின் நாக்கு நுனியில் ஊர்க்காரர் சொல்கிற பதில்கள் எல்லாம் வந்து நின்றன. அதில் ஒன்றைக்கூட இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் துணிவில்லை.

"அவருக்குப் பகலும் ஒரு நாள் போகலாம்" என்றாள் கனகாம்பிகை. "எப்ப போகுமெண்டு டொக்டருக்கும் தெரியாது. போகமுதல் என்ரை முகத்தை அவர் நல்லாய்ப் பாத்து வைச்சுக்கொள்ளட்டும். இன்னும் எத்தினை வருஷத்தைச் சும்மா விடுறது? றெஜிஸ்தாரிட்டை நோட்டீஸ் குடுத்திட்டம், அம்மா. வாற கிழமை கலியாண எழுத்து. மாமாவுக்கும் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன். வருவீங்களோ?"

வெளியே தம்பிராசா கிடுகுக் கட்டைப் போட்டுவிட்டுக் கை கழுவுகிற சத்தம் கேட்டது. மனிசன் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"இஞ்சாரும்!" என்று கிணற்றடியிலிருந்து கூப்பிட்டார். "மயிலிட்டிக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது? ரோசிக்கு இண்டைக்கே சாப்பாட்டைக் குறைக்கட்டோ?"

செல்வநாயகிக்குப் பயம்தான், வேறொன்றும் இல்லை. அந்த மனிசனுக்கு மகள் என்றால் உயிர், கோபம் வந்தால் கண்மண் தெரியாது. துவக்கு வேறு சுவரில் மாட்டியிருக்கிறது. அவள் எழும்பிப் போய் முதலில் தோட்டாப் பெட்டியை எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள். பிறகு மகளுக்குப் பக்கத்தில், தோள் முட்ட நின்றுகொண்டாள்.

"மயிலிட்டிக்கு விடியப் போவம்" என்று வெளியே பார்த்துச் சொன்னாள். "நீங்கள் முதல் உள்ளுக்கு வந்து கதிரையிலை இருங்கோ. நானும் பிள்ளையும் உங்களோடை ஒண்டு கதைக்கவேணும்."